முப்பத்தைந்தாம் சாலையில் புல்லின் குளிர்காலம்

ஒரு புல்வகை எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதைச் சொல்ல ஆய்வுக்கூடங்களில் ஓர் எண் புழங்குகிறது. நூறு செடிகளைப் படிப்படியாக உறைய வைத்தால், சரிபாதி செத்துப்போகிற வெப்பநிலை எதுவோ அதுதான் அந்த எண். கோல்ஃப் மைதானங்களில் வளர்க்கும் கிரீப்பிங் பென்ட்கிராஸ் மைனஸ் 35 டிகிரி செல்சியஸ் வரை தாங்கக்கூடியது. வீட்டுப் புல்தரைகளில் பரவலாக உள்ள கென்டக்கி புளூகிராஸுக்கு அந்த எல்லை மைனஸ் 20-க்கும் 30-க்கும் இடையில் வரும். பெரென்னியல் ரைகிராஸ் மைனஸ் 15-ஐத் தாண்டுவது அரிது. தமிழ்நாட்டு வயல் வரப்புகளில் படரும் அறுகம்புல்லுக்கும் அதன் கலப்பினங்களுக்கும் மைனஸ் 5-இலிருந்து மைனஸ் 11-க்குள் கதை முடிந்துவிடும்.

இந்த எண்களை நிலத்தின் மேல் வரிசையாகப் பார்க்க ஏற்ற சாலை அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் 35. மெக்சிகோ எல்லையில் உள்ள லரேடோவில் தொடங்கி, சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள டுலூத் நகரில் முடியும் இதன் நீளம் சுமார் 2,500 கிலோமீட்டர். அதில் டாலஸிலிருந்து டுலூத் வரை உள்ள சுமார் 1,800 கிலோமீட்டரில், சாலையை ஒட்டியோ சற்றுத் தள்ளியோ ஐந்து பல்கலைக்கழகங்களின் புல்தரை ஆய்வு நிலங்கள் இருக்கின்றன. டாலஸில் டெக்சஸ் ஏ அண்ட் எம், ஸ்டில்வாட்டரில் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம், ஓலேதாவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம், ஏம்ஸில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம், செயின்ட் பாலில் மினசோட்டா பல்கலைக்கழகம். பிப்ரவரியில் தெற்கிலிருந்து வடக்கே போகிறவருக்குப் புல்தரை முதலில் வைக்கோல் நிறமாகத் தெரியும். நடுவழியில் மங்கிய பச்சையாகும். கடைசியில் கண்ணிலேயே படாது.

தமிழில் பனி என்ற ஒரே சொல் பல பொருளுக்கும் போதுமானதாக இருக்கிறது. மார்கழிக் காலையில் இலை நுனியில் நிற்கும் துளியும் பனிதான், இமயமலை உச்சியில் கிடப்பதும் பனிதான். புல்லின் குளிர்காலத்தைப் பேசும்போது அதைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. இலை மேல் படிகமாகப் படிவது உறைபனி. வானிலிருந்து பஞ்சாக விழுவது வெண்பனி. உருகிய நீர் மறுபடி இறுகிப் பாறைபோல் கிடப்பது பனிக்கட்டி. மூன்றும் புல்லுக்குச் செய்வது மூன்று வேறு காரியங்கள்.

டாலஸ்: குருத்து எங்கே இருக்கிறது

டாலஸ் வட அட்சம் 33 டிகிரியை ஒட்டிய நகரம். இங்கே புல்தரை என்றால் அறுகம்புல் இனம், ஜோய்சியா, செயின்ட் அகஸ்டின் ஆகிய மூன்றுதான் பெரும்பாலும். கரும்பையும் சோளத்தையும் போல இவையும் வெயிலை முழுதாகப் பயன்படுத்தக் கற்ற தாவரங்கள். கோடையில் 35 டிகிரியிலும் தழைக்கும். மண் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்ததும் பச்சையம் குலைந்து இலை பழுத்துவிடும். அதன்பின் புல் உறங்குகிறது. டாலஸ் வீட்டுக்காரர் சிலர் அந்த வைக்கோல் நிறம் பிடிக்காமல், அக்டோபரில் மேலே ரைகிராஸ் விதையைத் தூவிக் குளிர்காலம் முழுக்கப் பச்சையாக வைத்துக்கொள்வார்கள்.

உறங்கும் புல்லும் செத்த புல்லும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு தூரில்தான் இருக்கிறது. நெற்பயிரில் உழவர்கள் தூர் என்று சொல்லும் அதே இடம், அதாவது தண்டும் வேரும் கூடும் அடிக்கட்டைதான், புல்லின் உயிர்நிலை. இலை முழுதும் கருகினாலும் தூரில் உள்ள குருத்து பிழைத்திருந்தால் வசந்தத்தில் துளிர்க்கும். தூர் செத்தால் இலை பச்சையாக இருந்தாலும் பயனில்லை.

2021 பிப்ரவரி 16 அன்று டாலஸ்–ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் வெப்பநிலை மைனஸ் 18.9 டிகிரிக்கு இறங்கியது. அந்த வசந்தத்தில் டெக்சஸின் பல தெருக்களில் செயின்ட் அகஸ்டின் புல்தரைகள் எழவே இல்லை. அறுகம்புல் தரைகள் பல இடங்களில் மீண்டன. செயின்ட் அகஸ்டின் தரைமேல் ஓடும் தண்டுகளால் மட்டுமே பரவும் புல். அதன் குருத்துகள் எல்லாம் காற்றின் குளிருக்கு நேராக வெளியே கிடக்கின்றன. அறுகம்புல்லுக்கு மேலே ஓடுதண்டும் உண்டு, மண்ணுக்குள் நிலத்தடித் தண்டும் உண்டு. காற்று மைனஸ் 18-க்குப் போன இரவிலும், சில சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள மண் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. மேலே உள்ளது போனாலும் கீழே உள்ளது மிஞ்சுகிறது. திருமண வாழ்த்தில் மணமக்களை அறுகுபோல் வேரூன்றச் சொன்னவர்கள் உறைபனிக் காலத்தை நினைத்துச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்தப் புல்லின் பலம் எங்கே என்பதைச் சரியாகக் கண்டிருந்தார்கள்.

ஸ்டில்வாட்டர்: உறைபெட்டிக்குள் ஓர் இரவு

டாலஸுக்கு வடக்கே ரெட் ரிவர் ஆற்றைத் தாண்டினால் ஒக்லஹோமா. மண் செம்மண்ணாகிறது, மரங்கள் குட்டையாகின்றன, காற்று தடையின்றி வீசுகிறது. ஆர்க்டிக் பகுதியிலிருந்து கிளம்பும் குளிர்காற்றை மறிக்கக் கனடா வரை கிழக்கு மேற்காக ஒரு மலைத்தொடர்கூட இல்லை. இந்த மாநிலத்தில்தான் அறுகம்புல்லைக் குளிருக்குப் பழக்கும் வேலை பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது.

உலக விளையாட்டு மைதானங்களில் பெர்முடா கிராஸ் என்று அழைக்கப்படுவது அறுகம்புல்தான். சைனோடான் டாக்டைலான் என்ற அந்தப் பழைய இனத்தோடு, தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மெல்லிய இலையுள்ள சைனோடான் டிரான்ஸ்வாலென்சிஸ் இனத்தைக் கலந்தால் அடர்த்தியான புல் கிடைக்கிறது. கலப்பினம் மலடு என்பதால் விதை பிடிக்காது. தண்டுத் துண்டுகளாகவோ பாய்போல் சுருட்டிய தரைச்சுருளாகவோதான் நடவேண்டும். ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டனில் கிளென் பர்ட்டன் 1960இல் வெளியிட்ட 'டிஃப்வே' இந்தக் குடும்பத்தின் புகழ்பெற்ற பிள்ளை. தெற்கில் அதற்கு நிகரில்லை. வடக்கே கொண்டுபோனால் குளிர்காலம் அதைத் தின்றுவிடும்.

அந்த எல்லையை வடக்கே தள்ளுவதுதான் ஸ்டில்வாட்டரின் வேலை. சார்லஸ் டாலியஃபெரோ தொடங்கி யான்சி வூ வரை வந்த பயிர்ப்பெருக்க வரிசையில் 2002இல் 'பேட்ரியட்', 2010இல் 'லாட்டிட்யூட் 36', 'நார்த்பிரிட்ஜ்', 2017இல் 'தஹோமா 31' ஆகிய ரகங்கள் வெளிவந்தன. லாட்டிட்யூட் என்றால் அட்சம்; ஸ்டில்வாட்டர் நகரம் இருப்பது 36-ஆவது அட்சத்தில்.

ஒரு ரகத்தின் குளிர் எல்லையை அளக்கும் முறை பார்க்க எளிது, பொறுமையைக் கேட்பது. சிறு குழாய்த்தொட்டிகளில் வளர்த்த செடிகளைச் சில வாரம் மெல்லிய குளிரிலும் குறுகிய பகல் வெளிச்சத்திலும் வைத்துப் பழக்குவார்கள். பிறகு உறைபெட்டிக்குள் வைத்து மைனஸ் 2 அல்லது 3 டிகிரியில் நிறுத்தி, தூரின் மேல் பனிக்கட்டித் துகள்களைத் தூவுவார்கள். தூய நீர் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாமல் ஏமாற்றக்கூடியது. ஒரு சிறு படிகம் தொட்டால்தான் உறைதல் தொடங்கும். எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் உறையத் தொடங்க இந்தத் தூவல். அதன்பின் மணிக்கு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று மெதுவாக வெப்பநிலையை இறக்குவார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு தொகுதிச் செடிகள் வெளியே வரும். குளிர்ந்த அறையில் உருகவிட்டு, இலையைக் கத்தரித்து, பசுங்குடிலில் நான்கைந்து வாரம் காத்திருந்து, துளிர்த்தவை எத்தனை என்று எண்ணுவார்கள்.

இப்படிக் கிடைக்கும் எண்களில் டிஃப்வேக்கும் தஹோமாவுக்கும் இடையே உள்ள தூரம் சில டிகிரிதான். கேட்பவருக்கு அற்பமாகப்படும். மண்ணுக்குள் அந்தச் சில டிகிரியின் மதிப்பு பெரிது. வெளியே காற்று பத்து டிகிரி இறங்கும்போது, ஈரமான மண்ணுக்குள் அதில் ஒரு பகுதிதான் இறங்குகிறது. எனவே தூரில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு டிகிரியும் வரைபடத்தில் வடக்கே ஒரு நீண்ட பயணமாகிறது. அரிசோனாவில் 2023இல் நடந்த சூப்பர் பௌல் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்திலும் தஹோமா 31 தான் அடித்தரை. மேலே குளிர்காலப் பச்சைக்காக ரைகிராஸ் விதைத்திருந்தார்கள்.

ஒக்லஹோமாவின் இன்னொரு பாடம் நகரை விட்டு விலகி, மாநிலத்தின் வடகிழக்கில் இருக்கிறது. 2011 பிப்ரவரி 10 அன்று நொவாட்டா என்ற சிற்றூரில் மைனஸ் 35 டிகிரி பதிவாயிற்று. மாநிலத்தின் வரலாற்றிலேயே அதுதான் குறைந்த அளவு. ஒரு வாரம் கழித்து அதே ஊரில் 26 டிகிரி. ஏழு நாளில் 61 டிகிரி ஏற்றம். உறைபெட்டி அளக்கும் எண் ஓர் இரவுக்கானது. இத்தகைய வாரங்களுக்கு அந்த எண் மட்டும் போதாது என்பது சாலை வடக்கே போகப் போகத் தெளிவாகிறது.

ஃப்ளின்ட் ஹில்ஸ்: யாரும் வளர்க்காத புல்

கன்சாஸில் விச்சிட்டாவுக்கும் எம்போரியாவுக்கும் நடுவே சாலை ஃப்ளின்ட் ஹில்ஸ் மேடுகளைக் கடக்கிறது. சுண்ணாம்புக்கல்லும் சிக்கிமுக்கிக்கல்லும் மேலாகக் கிடப்பதால் ஏர் இறங்காத நிலம். அதனால்தான் வட அமெரிக்காவின் உயரப்புல் சமவெளியில் மிஞ்சிய பெரும்பகுதி இங்கே நிற்கிறது. பிக் புளூஸ்டெம், இந்தியன்கிராஸ், சுவிட்ச்கிராஸ் ஆகியவை கோடையில் ஆள் உயரம் வளரும். பிப்ரவரியில் செம்பழுப்பாகக் காற்றில் சாயும். வசந்தத்தில் மேய்ச்சல்காரர்கள் தீ வைப்பார்கள். சில வாரத்தில் கருகிய தரையில் பச்சை கிளம்பும்.

குளிரும் தீயும் இந்தப் புற்களை ஒன்றும் செய்யாததற்குக் காரணம் ஒன்றே. குருத்து மண்ணுக்குக் கீழே இருக்கிறது. அத்துடன் யாரும் இவற்றை அரை சென்டிமீட்டருக்கு வெட்டுவதில்லை, செப்டம்பரில் யூரியா போடுவதில்லை. புல்தரை ஆய்வு என்பது இயற்கையாகவே குளிர் தாங்கும் ஒரு குடும்பத்தைச் செயற்கையான பராமரிப்பில் வைத்த பிறகு எழுந்த சிக்கல்களுக்கான ஆய்வு.

ஓலேதா: இரண்டு பக்கமும் தோற்கும் நிலம்

கன்சாஸ் சிட்டியின் புறநகரான ஓலேதாவில், 39-ஆவது அட்சத்தை ஒட்டி, கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையம் இருக்கிறது. புல்தரைக்காரர்கள் இந்த வட்டாரத்தை இடைமண்டலம் என்பார்கள். கோடை வடக்கத்திய புல்லை வாட்டும். குளிர்காலம் தெற்கத்திய புல்லைக் கொல்லும். எதை விதைத்தாலும் ஆண்டில் ஒரு பருவம் எதிரியாகும். வீடுகளில் பெரும்பாலும் டால் ஃபெஸ்க்யூ. கோல்ஃப் மைதானங்களின் நடுத்தரைகளில் ஜோய்சியா.

அந்த ஜோய்சியாவில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செய்வது 'மேயர்' ரகம். ஆம்ஸ்டர்டாமில் பிறந்து அமெரிக்க வேளாண்துறைக்காக ஆசியாவைக் கால்நடையாகச் சுற்றியவர் ஃபிராங்க் மேயர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொரியாவிலிருந்து அவர் ஜோய்சியா விதைகளை அனுப்பினார். 1918இல் யாங்சி ஆற்றில் படகிலிருந்து காணாமல் போனார். 1951இல் வெளியிடப்பட்ட ரகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். கொரிய இனமான ஜோய்சியா ஜப்பானிக்கா குளிரை நன்றாகத் தாங்கும். ஆனால் இலை அகலம், பரவுவது மெதுவாக.

இலை மெலிவும் அடர்த்தியும் உள்ள இனம் இன்னொன்று உண்டு. அதன் பெயர் ஜோய்சியா மாட்ரெல்லா. தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் 1767இல் அதை முதலில் விவரித்தபோது சொன்ன தாயகம் மலபார்க் கடற்கரை. வெப்பக் கடலோரத்துப் புல்லுக்குக் குளிர் ஆகாது. டாலஸில் இரண்டு இனங்களையும் கலந்து, அந்தப் பிள்ளைகளைக் கன்சாஸுக்கு அனுப்பி, அங்கத்திய குளிர்காலத்தில் பிழைத்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் கூட்டு வேலையில் பிறந்த ரகம் 'இன்னொவேஷன்'. மெலிந்த இலை மாட்ரெல்லாவின் சீதனம், குளிர் தாங்கும் குணம் ஜப்பானிக்காவின் சொத்து.

தெற்கில் கலப்பும் வடக்கில் தேர்வும் என்ற இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. டாலஸில் குளிர்காலம் லேசாக இருப்பதால் வலுவில்லாத செடியும் தேறிவிடும். கன்சாஸில் ஒரே கடுங்குளிர் இரவு ஆயிரம் செடிகளைச் சலித்துவிடும். ஆனால் அத்தகைய இரவு எந்த ஆண்டு வரும் என்று சொல்ல முடியாது. இடைமண்டலத்தில் 2013–14 குளிர்காலம் பரவலான சேதம் செய்தது. வெறும் தோட்டச் சோதனையை நம்பியிருந்தால் அப்படியொரு ஆண்டுக்காகக் காத்துக்கிடக்க வேண்டும். அதனால்தான் உறைபெட்டியும் தோட்டமும் இரண்டும் தேவைப்படுகின்றன.

அயோவா: இலையுதிர்காலத்துச் சேமிப்பு

கன்சாஸ் சிட்டிக்கு வடக்கே புல்லின் குலமே மாறுகிறது. நெல், கோதுமை வகையைச் சேர்ந்த குளிர்நாட்டுப் புற்கள் இங்கே தொடங்குகின்றன. அயோவாவின் வீட்டுத்தரைகளில் முதலிடம் கென்டக்கி புளூகிராஸுக்கு. பெயரில் கென்டக்கி இருந்தாலும் அது ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியது. ஏம்ஸ் நகருக்கு வடக்கே அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையத்தில் இந்தக் குலத்தின் சோதனைப் பாத்திகள் உள்ளன. பிப்ரவரியில் அவை வெளிறிய பச்சையில், அரைத்தூக்கத்தில் இருக்கும்.

இந்தப் புற்கள் ஜூலையில் இருக்கும் நிலையில் உறைபெட்டிக்குள் வைக்கப்பட்டால் சில டிகிரிக் குளிரிலேயே செத்துவிடும். மைனஸ் 25 என்பது அவை ஆண்டுதோறும் புதிதாகச் சம்பாதிக்கும் திறன். இந்தப் பழக்கம் இரண்டு கட்டமாக வருகிறது என்பதை சோவியத் அறிஞர் இவான் துமானோவ் விளக்கினார். முதல் கட்டம் பூஜ்யத்துக்கு மேலே, சுமார் 5 டிகிரிக்குள். வளர்ச்சி நின்றுவிடும், ஒளிச்சேர்க்கை நிற்காது. செலவு குறைந்து வரவு தொடர்வதால் சர்க்கரை மிஞ்சுகிறது. குளிர்நாட்டுப் புற்கள் அதை ஃப்ரக்டான் என்ற பொருளாகத் தூரில் சேர்த்துவைக்கும். இரண்டாம் கட்டம் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. அப்போது உயிரணுக்களிலிருந்து நீர் மெல்ல வெளியேறி, அணுக்களுக்கு இடையே உள்ள வெளியில் உறைகிறது. உறைவது அணுவுக்கு வெளியே என்றால் செடி தாங்கும். அணுவுக்குள்ளேயே படிகம் உண்டானால் சாவு உறுதி.

நீர் வெளியேறினால் அணு வற்றுகிறது. ஆகவே குளிர் தாங்குவது என்பது பெருமளவு வறட்சி தாங்குவதுதான். சர்க்கரையும் புரோலைன் என்ற அமினோ அமிலமும் மிஞ்சிய நீரைப் பிடித்து வைக்கின்றன. டிஹைட்ரின் என்ற புரதங்கள் வற்றிய அணுவின் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குலையாமல் காக்கின்றன. அணுச்சவ்வில் உள்ள கொழுப்பும் மாறுகிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் இறுகிப்போகும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் இளகியே இருக்கும். கொழுப்பமிலங்களின் நிறைவும் நிறைவின்மையும் செய்யும் வேலை அது. குளிருக்குப் பழகும் புல் தன் சவ்வின் கொழுப்பைத் தேங்காய் எண்ணெயின் பக்கத்திலிருந்து நல்லெண்ணெயின் பக்கத்துக்கு நகர்த்துகிறது.

இவ்வளவும் நடக்க வெளிச்சமும் வாரக்கணக்கில் காலமும் வேண்டும். மரநிழலில் உள்ள தரை சேமிப்பில்லாமல் குளிர்காலத்துக்குள் போகும். இலையுதிர்கால இறுதியில் தழைச்சத்தை அள்ளிப்போட்டால் புல் சேமிக்க வேண்டியதைத் தளிருக்குச் செலவழிக்கும். மிகக் குட்டையாக வெட்டினால் சம்பாதிக்கும் இலையே இல்லாமல் போகும். கோல்ஃப் மைதானக் காப்பாளர்கள் செப்டம்பருக்குப் பின் வெட்டும் உயரத்தைக் கூட்டுவதும், சுற்றியுள்ள மரங்களைக் குறைப்பதும் இதற்காகத்தான்.

பழகிய புல்லையும் அயோவாவின் திறந்தவெளி விட்டுவைக்காது. சாலையின் இருபுறமும் அறுவடையான மக்காச்சோள வயல்கள், அவற்றின் மேல் வரிசையாகக் காற்றாலைகள். மாநிலத்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. வெண்பனி மூடாத ஆண்டுகளில் அதே காற்று புல்லின் தூரிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. மண் உறைந்திருப்பதால் வேர் புதுநீரை எடுக்க முடியாது. மேட்டில் உள்ள தரைகள் இப்படி நின்ற நிலையில் காய்ந்து சாகும். மெல்லிய துணி விரிப்பும், குளிர்காலத்துக்கு முன் தூரை மூடுமளவு தூவும் மணலும் இதற்கான காப்பு.

செயின்ட் பால்: கட்டிக்குள் மூச்சு

மினசோட்டாவின் இரட்டை நகரங்களை நெருங்கும்போது 35-ஆம் சாலை இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. அந்த இரண்டு கிளைகளுக்கும் இடையே, 45-ஆவது அட்சத்தில், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் பால் வளாகம். வழக்கமான பிப்ரவரியில் பாத்திகள் வெண்பனிக்கு அடியில் இருக்கும். காற்று மைனஸ் 25 என்றாலும் ஓர் அடி வெண்பனிக்குக் கீழே தரை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். வடக்கே புல்லுக்குக் கம்பளி வெண்பனிதான்.

கம்பளி நடுவில் உருகும்போது சிக்கல் தொடங்குகிறது. ஜனவரியில் மழையோ நான்கைந்து நாள் இளஞ்சூடோ வந்தால் இரண்டு கேடுகள் நேரும். முதலாவது, புல் குளிர்ப் பழக்கத்தைக் கலைத்துவிடும். பெற வாரங்கள் ஆன திறன் போகச் சில நாள் போதும். கிரீப்பிங் பென்ட்கிராஸ் அவசரப்படாது. அதனோடு கலந்து வளரும் போவா அனுவா என்ற புல் சூடு பட்டதுமே விழித்துக்கொள்ளும். யாரும் விதைக்காமலே வந்து, பழைய கோல்ஃப் மைதானங்களில் பாதித் தரையையும் பிடித்துக்கொள்ளும் புல் இது. இரண்டாவது, உருகிய நீர் பள்ளத்தில் தேங்கித் தூருக்குள் ஊறும். அன்று இரவே குளிர் திரும்பினால், ஊறிய தூரில் படிகம் பெருத்துத் திசுவைக் கிழிக்கும். மைனஸ் 20 தாங்கிய அதே செடி பத்து நாள் கழித்து மைனஸ் 10-இல் சாவது இப்படித்தான்.

தேங்கிய நீர் பனிக்கட்டியாகி நின்றால் வேறொரு சாவு காத்திருக்கிறது. உறங்கும் புல்லும் மெல்ல மூச்சுவிடும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும். கட்டி காற்றை அடைத்துவிடுவதால் உயிர்வளி தீர்கிறது. கரியமில வாயுவும் புளிப்பில் பிறக்கும் நச்சுகளும் சேர்கின்றன. அவற்றில் ஒன்று பியூட்டிரிக் அமிலம். இப்படிச் செத்த தரையின் மேல் உள்ள கட்டியை உடைத்தால் காறிப்போன வெண்ணெய் வாடை அடிக்கும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பியர்ட் 1960களில் செய்த சோதனைகளும், கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஓல்ட்ஸ் கல்லூரியின் புல்தரை மையம் பின்னர் செய்தவையும் ஒரே திசையைக் காட்டின. பனிக்கட்டிக்கு அடியில் போவா அனுவா 90 நாளைத் தாண்டுவதில்லை. கிரீப்பிங் பென்ட்கிராஸ் 120 நாளுக்கு மேலும் கிடக்கும்.

எனவே வடக்கத்திய காப்பாளர்கள் கட்டி விழுந்த தேதியைக் குறித்துவைத்து நாளை எண்ணுகிறார்கள். ஐம்பது, அறுபது நாள் ஆனதும் கறுத்த மணலைத் தூவுவார்கள். அது வெயிலை உறிஞ்சிக் கட்டியைத் துளைக்கும். மில்வாக்கி நகரில் கழிவுநீர்ச் சேற்றிலிருந்து 1926 முதல் தயாராகும் 'மில்லார்கனைட்' என்ற கரிய உரத்தையும் இதற்குப் பயன்படுத்துவார்கள். சீக்கிரம் உடைத்தால் போர்வையில்லாத தரை அடுத்த குளிரில் மாட்டும். தாமதித்தால் மூச்சு முட்டும். எந்த நாளில் உடைப்பது என்பதற்கு இன்னும் சூத்திரம் இல்லை.

அந்தச் சூத்திரத்தைத் தேடி, மினசோட்டா பல்கலைக்கழகத்தின் தலைமையில் அமெரிக்க வேளாண்துறை நிதியுடன் 'வின்டர்டர்ஃப்' என்ற பல பல்கலைக்கழகத் திட்டம் 2021இல் தொடங்கியது. நார்வேயின் உயிரிப்பொருளாதார ஆய்வு நிறுவனமும் அதில் பங்காளி. கோல்ஃப் மைதானங்களின் தரைக்குள் உணர்கருவிகளைப் புதைத்து மண்ணின் வெப்பம், ஈரம், அங்குள்ள வாயுக்கள் ஆகியவற்றைக் குளிர்காலம் முழுக்கப் பதிவுசெய்கிறார்கள். வெண்பனிக்கு அடியில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை நாள்வாரியாகப் பார்க்கும் முயற்சி இது.

இந்தப் பல்கலைக்கழகத்தின் இன்னொரு வயல் சாலையை விட்டு வெகுதூரம் வடமேற்கே, கனடா எல்லையை ஒட்டிய ரோசோ வட்டாரத்தில் இருக்கிறது. குளிர் தாங்காத புல் என்று பேரெடுத்த பெரென்னியல் ரைகிராஸை உழவர்கள் அங்கே விதைக்காகப் பயிரிடுகிறார்கள். முதல் ஆண்டு கோதுமையோடு சேர்த்து விதைப்பார்கள். கோதுமையை அறுத்தபின் நிற்கும் தாள் வெண்பனியைப் பிடித்துவைக்க, அதற்கடியில் ரைகிராஸ் குளிர்காலத்தைக் கழிக்கும். அந்த வயல்களில் பிழைத்த செடிகளிலிருந்து தேர்ந்தெடுத்து உருவானது 'ஆர்க்டிக் கிரீன்' ரகம்.

டுலூத்: போர்வைக்குள் பூஞ்சை

செயின்ட் பாலிலிருந்து வடக்கே 250 கிலோமீட்டரில் சாலை ஒரு மேட்டிலிருந்து இறங்குகிறது. எதிரே சுப்பீரியர் ஏரி. டுலூத்தில் ஜனவரி இரவுகளின் சராசரி மைனஸ் 17-ஐ ஒட்டியது. வெண்பனி நவம்பரில் தங்கினால் ஏப்ரல் வரை கிடக்கும். குளிரால் சாகும் பயம் இங்கே தெற்கைவிடக் குறைவு. போர்வை தடிமனானது.

போர்வை தடித்தால் அதற்குள் வாழ்பவையும் பெருகும். உறையாத மண் மேல் வெண்பனி விழுந்து மாதக்கணக்கில் நின்றால், பூஜ்யத்தை ஒட்டிய இருட்டும் ஈரமும் சில பூஞ்சைகளுக்கு ஏற்ற வீடு. வெண்பனி விலகும்போது புல்மேல் சாம்பல் நிற வட்டங்கள் தெரியும். டைஃபுலா இன்கார்னாட்டா என்ற பூஞ்சை அவற்றுக்குக் காரணமானால் பெரும்பாலும் இலை மட்டும் போகும், தூர் மிஞ்சும். டைஃபுலா இஷிகாரியென்சிஸ் இன்னும் கொடியது. மூன்று மாதப் போர்வை கிடைத்தால் தூரையும் அழிக்கும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள இஷிகாரிப் பகுதியின் பெயர் அதற்கு. மூன்றாவதான மைக்ரோடோகியம் நிவாலேக்கு வெண்பனிகூடத் தேவையில்லை. குளிர்ந்த ஈரமே போதும்.

முதல் வெண்பனிக்குச் சற்று முன் பூஞ்சைக்கொல்லி தெளிப்பது வழக்கம். இங்கேயும் சேமிப்புதான் கணக்கு. இருட்டில் நூறு நாளுக்கு மேல் கிடக்கும் புல் இலையுதிர்காலத்தில் சேர்த்த சர்க்கரையை மெல்லத் தின்று வாழ்கிறது. அது தீர்ந்த செடியைப் பூஞ்சை எளிதில் பிடிக்கும். டாலஸில் குருத்தின் ஆழம், ஸ்டில்வாட்டரில் சில டிகிரி, ஓலேதாவில் தாய்தந்தையின் தேர்வு, அயோவாவில் இலையுதிர்காலம், செயின்ட் பாலில் பனிக்கட்டியின் தேதி என்று வழிநெடுக வந்த விசாரணை இங்கே ஒன்றுசேர்கிறது. நல்ல ரகம் புல்லுக்குக் கடைசி எல்லையை வரைந்து கொடுக்கிறது. அந்த எல்லைக்குள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை ஒவ்வோர் ஆண்டின் நாட்காட்டிதான் தீர்மானிக்கிறது.

அந்த ஆண்டின் கணக்கைப் பார்க்கக் காப்பாளர்களிடம் ஓர் எளிய வழி உண்டு. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ உறைந்த தரையிலிருந்து கைப்பிடியளவு துண்டுகளைப் பல இடங்களில் வெட்டியெடுத்து, தொட்டியில் வைத்து, வெயில் விழும் சன்னல் ஓரத்தில் நீர் தெளித்து வைப்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் உயிருள்ள தூர் துளிர்க்கும். துளிர்க்காத துண்டு வந்த இடங்களுக்கெல்லாம் வசந்தத்தில் விதை வாங்க வேண்டும்.